மருந்துக்கு மசியாத டி.பி.: சளிக் குப்பியிலிருந்து முடிவுத்தாள் வரை

காசநோய்க்கு (டி.பி.) முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அதன் கிருமி அடங்குமா என்பதை இப்போது தாலுகா மருத்துவமனை ஆய்வகமே இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. சளியில் கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட், ட்ரூநாட் இரண்டுமே நம்பகமான எந்திரங்கள். முடிவு கெட்டுப்போவது பெரும்பாலும் அவற்றுக்கு வெளியே: சளி வாங்கும் இடத்தில், மாதிரியைப் பிரிக்கும் மேசையில், வந்த தாளை வாசிக்கும் நேரத்தில். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கத்து ஆய்வக நுட்புநர்களும் எஸ்.டி.எஸ்.களும் (முதுநிலை சிகிச்சை மேற்பார்வையாளர்கள்) தினமும் கையாளும் வேலை இது. எந்திரத்தின் கையேடு எப்படியும் மேசையில் இருக்கும். அதில் ஒரு வரியில் முடிந்துபோகும் விஷயங்களுக்கே இங்கே அதிக இடம்.

சளி வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியது

கோரிக்கைப் படிவத்தில் 'புதிய நோயாளி', 'முன்பே சிகிச்சை பெற்றவர்' என்று இரண்டு கட்டங்கள் உண்டு. பலர் அவசரத்தில் முதல் கட்டத்தில் டிக் போட்டுவிடுவார்கள். முடிவை வாசிக்கும்போது இந்த ஒரு டிக்கின் கனம் தெரியும். 2014 முதல் 2016 வரை நடந்த தேசிய மருந்து எதிர்ப்புக் கணக்கெடுப்பில், ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட் இரண்டுக்கும் மசியாத கிருமி புதிய நோயாளிகளில் 2.84 சதவீதம் பேருக்கும், ஏற்கெனவே சிகிச்சை பெற்றவர்களில் 11.6 சதவீதம் பேருக்கும் இருந்தது. நான்கு மடங்கு வித்தியாசம்.

"முன்னாடி டி.பி. வந்திருக்குதுங்களா?" என்று நேராகக் கேட்டால் 'இல்லீங்க' என்றுதான் பதில் வரும். தனியார் மருத்துவமனையில் 'நுரையீரல் சளி' என்று சொல்லி மாத்திரை கொடுத்திருப்பார்கள், அவருக்கே பெயர் தெரிந்திருக்காது. நாமக்கல் லாரி ஓட்டுநர் ஒருவர் வெளிமாநிலத்தில் இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு, இருமல் நின்றதும் விட்டிருக்கலாம். அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "ஏனுங்க, மாத்திர சாப்பிட்டப்ப ஒண்ணுக்கு செவப்பா, ஆரஞ்சுக் கலர்ல போச்சுங்களா?" போயிருந்தால் அது பெரும்பாலும் ரிஃபாம்பிசின். கூடவே வீட்டிலோ, தங்கியிருக்கும் மில் விடுதியிலோ யாருக்காவது 'பெரிய டி.பி. மாத்திரை' (மருந்துக்கு மசியாத டி.பி.க்கானது) ஓடியதா என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சளி

2 முதல் 5 மி.லி. வேண்டும். தொடக்கத்திலேயே இரண்டு ஃபால்கன் குழாய்களில் (திருகுமூடிக் கூம்புக் குழாய்) இரண்டு மாதிரிகள் வாங்கிவிடுங்கள், ஒன்று அப்போதே, இன்னொன்று விடிகாலைச் சளி. முதலாவது எந்திரத்துக்கு. எதிர்ப்பு இருக்கிறது என்று முடிவு வந்தால் இரண்டாவது தாமதமின்றிக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும்) ஆய்வகத்துக்குக் கிளம்பும். ஒரே குழாயோடு விட்டால் நோயாளியை மறுபடி வரவழைக்க வேண்டும். தாளவாடியிலிருந்தோ வால்பாறையிலிருந்தோ வந்தவர் என்றால் ஒரு வாரம் போய்விடும்.

சொல்லிக் கொடுக்கும் விதம் முக்கியம். "ஐயா, பச்சத் தண்ணில வாயக் கொப்புளிச்சுக்குங்க. நல்லா மூச்ச இழுத்து நிறுத்துங்க, விடுங்க. மறுக்கா இழுங்க. மூணாவது தடவ அடிவயித்துல இருந்து இருமித் துப்புங்க. எச்சில் வேண்டாமுங்க, நெஞ்சுச் சளிதான் வேணுமுங்க." இதைத் திறந்த வெளியில், மற்றவர்கள் நிற்காத இடத்தில் செய்யச் சொல்லுங்கள். கழிப்பறைக்குள் அனுப்பக் கூடாது. அடுத்து உள்ளே போகிறவர் அந்தக் காற்றைத்தான் சுவாசிப்பார். பனியன் கம்பெனிகளிலும் நூற்பாலைகளிலும் வேலை செய்யும் பீகார், ஒடிசா தொழிலாளர்களிடம் இந்தியில் 'தூக்' (எச்சில்) என்றால் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுவார்கள். 'பல்கம்' (சளி) என்று கேளுங்கள். செய்து காட்டினால் இன்னும் நல்லது.

வெற்றிலை பாக்கு, புகையிலை போடுகிறவர்கள் இங்கே அதிகம். பாக்குத் துணுக்கு கிடக்கும் சளி, கார்ட்ரிட்ஜின் (சளியை ஊற்றி எந்திரத்தில் போடும் பெட்டியின்) குறுகிய பாதையை அடைத்து, அழுத்தப் பிழையாக வந்து நிற்கும். உணவுத் துகள் இருந்தால் திருப்பிக் கொடுத்து, வாய் கொப்புளித்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள். ரத்தம் கலந்த சளி வேறு வகைத் தொல்லை: ரத்தத்தில் இருக்கும் பொருள்கள் டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். வினையையே தடுக்கும். ரத்தம் குறைவான மாதிரி கிடைக்குமா என்று பாருங்கள்.

பெயரையும் நிக்சய் (அரசின் காசநோய் இணையப் பதிவு) எண்ணையும் குழாயின் உடலில் எழுதுங்கள், மூடியில் வேண்டாம். மேசையில் நான்கு மூடிகள் ஒன்றாகத் திறந்து கிடக்கும்போது எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

நுரையீரலுக்கு வெளியே உள்ள நோய்க்கு ஒரே ஒரு எச்சரிக்கை, ஆனால் இதில்தான் மாதிரிகள் அதிகம் வீணாகின்றன. கழுத்துக் கட்டியை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சை நிபுணர், பழக்கத்தில் அதை முழுசாக ஃபார்மலினில் போட்டு அனுப்பிவிடுவார். ஃபார்மலினில் ஊறிய திசு கல்ச்சருக்கும் ஆகாது, இந்தப் பரிசோதனைக்கும் ஆகாது. திசுவை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை ஃபார்மலினில் நோய்க்குறியியலுக்கும், மறு பாதியை நார்மல் சலைனில் நமக்கும் அனுப்பச் சொல்லுங்கள். தியேட்டர் செவிலியரிடம் முந்தின நாளே சலைன் குழாயைக் கொடுத்து வைப்பது பலன் தரும்.

அனுப்பி வைத்தல்

எந்திரம் அதே கட்டடத்தில் இல்லையென்றால் குழாயின் மூடியைச் சுற்றிப் பாராஃபிலிம், அதன்மேல் பிளாஸ்டிக் உறை, உறிஞ்சும் தாள், கடைசியில் ஜெல் பேக் வைத்த தெர்மாகோல் பெட்டி. படிவம் பெட்டிக்குள்ளே, ஆனால் உறைக்கு வெளியே இருக்கட்டும். ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கு மட்டும் போகும் சளி 35 டிகிரி வரை மூன்று நாள் தாங்கும். கல்ச்சருக்கும் போக வேண்டிய மாதிரி அப்படித் தாங்காது. கூட வளரும் பிற பாக்டீரியாக்கள் சளியைக் கெடுத்துவிடும். 2 முதல் 8 டிகிரி குளிரில், 72 மணி நேரத்துக்குள் சேர வேண்டும். சித்திரை வெயிலில் கரூரிலோ ஈரோட்டிலோ நிற்கும் வண்டிக்குள் 35 டிகிரி என்பது காலை பத்து மணிக்கே தாண்டிவிடும். தாளவாடி மாதிரிகள் திம்பம் மலைப்பாதையில் இறங்க வேண்டும். அங்கே இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருப்பதால், மாலை வாங்கிய சளி மறுநாள் காலைதான் கிளம்பும். குளிர்பெட்டியில் வைக்காமல் விட்டால் அந்த இரவு போதும் கெடுவதற்கு.

ஜீன்எக்ஸ்பர்ட் ஓட்டும் முறை

என்95 முகக்கவசம், கையுறை, காற்றோட்டமான மேசை. முதலில் ஒரு முடிவு எடுங்கள்: முழு மாதிரியிலும் கார்ட்ரிட்ஜோடு வரும் வேதிக்கரைசலை ஊற்றப் போகிறீர்களா, பிரித்தெடுக்கப் போகிறீர்களா? 4 மி.லி. சளி இருக்கும் குழாயில் 8 மி.லி. கரைசலையும் கவிழ்த்துவிடுவதுதான் பலர் பழக்கம். அந்தக் கரைசல் பதினைந்து நிமிடத்தில் கிருமியைக் கொன்றுவிடும், பிறகு அதில் கல்ச்சர் போட முடியாது. 1 மி.லி. சளியைப் பிப்பெட்டால் வேறு குழாய்க்கு மாற்றி அதில் மட்டும் கரைசல் சேருங்கள். மீதியை மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

1. 1 மி.லி. சளிக்கு 2 மி.லி. கரைசல். அளவு இரண்டுக்கு ஒன்று. சளியைக் கல்ச்சருக்காகப் பதப்படுத்திச் சுழற்றி எடுத்த படிவு என்றால் மூன்றுக்கு ஒன்று: 0.5 மி.லி. படிவுக்கு 1.5 மி.லி.
2. மூடியை இறுக்கி, 10 முதல் 20 முறை வேகமாகக் குலுக்குங்கள்.
3. அறை வெப்பத்தில் 15 நிமிடம் நிமிர்த்தி வையுங்கள். 5 முதல் 10 நிமிடத்துக்குள் மறுபடி ஒருமுறை குலுக்க வேண்டும். இந்த இரண்டாம் குலுக்கலைத்தான் பெரும்பாலும் மறக்கிறார்கள். 15 நிமிடம் முடிந்தும் கட்டியாக இருந்தால் இன்னும் சற்று நேரம் விடுங்கள். கட்டி தெரியாமல் நீர்போல ஓட வேண்டும்.
4. கார்ட்ரிட்ஜின் பக்கவாட்டில் எண்ணை எழுதுங்கள். பார்கோடின் மேல் எதையும் ஒட்டாதீர்கள். பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய வினைக்குழாயில் விரல் படக் கூடாது. ஒளி அந்த வழியாகத்தான் போய் வருகிறது.
5. துளிப்பானில் 2 மி.லி. கோடு வரை எடுத்து, நுரை எழாமல் மெதுவாக விடுங்கள். மூடியை 'க்ளிக்' சத்தம் வரும்வரை அழுத்துங்கள்.
6. முப்பது நிமிடத்துக்குள் எந்திரத்தில் போட்டு ஓட்டுங்கள். கார்ட்ரிட்ஜைக் குலுக்கவோ சாய்க்கவோ வேண்டாம்.

பழைய வகை கார்ட்ரிட்ஜ் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுக்கும். புதிய வகையான அல்ட்ரா எண்பது நிமிடத்துக்குள் முடித்துவிடும்.

ட்ரூநாட்டில்

கோவாவில் தயாராகும் இந்தக் கருவி பேட்டரியில் ஓடும், அதனால் மின்வெட்டுள்ள மலைப்பகுதிகளில் கைகொடுக்கும். ஆனால் கைவேலை கூடுதல், தவறும் இடமும் கூடுதல்.

சளிக் குப்பியில் இளக்கும் கரைசல் இரண்டு துளி விட்டுச் சுழற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். பிப்பெட்டில் ஏறும் அளவுக்கு இளகியதும் 0.5 மி.லி. எடுத்து லைசிஸ் (கிருமியை உடைக்கும் கரைசல்) குழாயில் விட்டு, மறுபடி இரண்டு துளி இளக்கும் கரைசல், மூன்று நிமிடம். அதை முழுவதும் பிரித்தெடுக்கும் கார்ட்ரிட்ஜில் ஊற்றி, டி.என்.ஏ. பிரிக்கும் கருவியான ட்ரூப்ரெப்பில் வையுங்கள். இருபது நிமிடத்தில் டி.என்.ஏ. தயார். அதில் 6 மைக்ரோலிட்டர் எடுத்து உலர்ந்த வினைப்பொருள் இருக்கும் சிறு குழாயில் விட்டு, அரை முதல் ஒரு நிமிடம் வரை தெளியவிட்டு, மீண்டும் 6 மைக்ரோலிட்டரைச் சிப்பின் குழியில் விட வேண்டும்.

இந்தக் கடைசி அசைவில்தான் கை பழக வேண்டும். பிப்பெட் முனை சிப்பைக் கீறக் கூடாது, காற்றுக்குமிழ் நுழையக் கூடாது, குழிக்கு வெளியே ஒரு சொட்டும் சிந்தக் கூடாது. குமிழ் இருந்தால் 'செல்லாது' என்று வரும். எம்.டி.பி. (காசநோய்க் கிருமி) முடிவுக்கு முப்பத்தைந்து நிமிடமும், கிருமி இருந்தால் அதே டி.என்.ஏ.வில் ரிஃபாம்பிசின் சிப்புக்கு மேலும் சுமார் ஒரு மணி நேரமும் ஆகும். இங்கேதான் ஒரு ஓட்டை: முதல் சிப் பாசிட்டிவ் என்று வந்ததும் மாலை ஐந்து மணி ஆகிவிட்டால், ரிஃபாம்பிசின் சிப்பை 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுவார்கள். மறுநாள் வேறு பத்து மாதிரி வந்திருக்கும். டி.பி. உண்டு என்ற முடிவோடு வழக்கமான மாத்திரை தொடங்கிவிடும். கடைசி மாதிரியை மதியம் இரண்டரைக்கு மேல் போடாமல் இருந்தால் இந்தச் சிக்கல் வராது.

உபயோகித்த சிப், குழாய், முனைகளை 0.5 சதவீத ஹைப்போகுளோரைட்டில் முப்பது நிமிடம் ஊற வையுங்கள். கடையில் வாங்கும் 5 சதவீதக் கரைசல் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. அன்றன்று கலக்க வேண்டும், நேற்றைய கரைசலுக்கு வீரியம் இருக்காது. ஜீன்எக்ஸ்பர்ட் கார்ட்ரிட்ஜை ஒருபோதும் திறக்க வேண்டாம். உள்ளே கோடிக்கணக்கில் பெருகிய டி.என்.ஏ. அறையில் பரவினால், அடுத்து வரும் மாதிரியில் இல்லாத கிருமி தெரியும்.

பிழை எண்கள்

ஜீன்எக்ஸ்பர்ட் திரையில் வரும் 'பிழை', 'செல்லாது', 'முடிவில்லை' மூன்றும் ஒன்றல்ல. 'செல்லாது' என்றால் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இருக்கும் சோதனைப்பொருளான உள்கட்டுப்பாடு பெருகவில்லை: ரத்தம், சீழ் போன்றவை தடுத்திருக்கலாம். 'முடிவில்லை' பெரும்பாலும் மின்சாரம் போனதால், அல்லது யாரோ நடுவில் நிறுத்தியதால் வரும். யு.பி.எஸ். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதை மாதம் ஒருமுறை சோதிப்பது நல்லது.

2008 என்ற எண் வந்தால் அழுத்தம் எல்லை மீறியிருக்கிறது. சளி கெட்டி, அல்லது துகள் இருக்கிறது. இரண்டாம் குலுக்கல் நடந்ததா என்று பாருங்கள். 5006, 5007, 5008 என்றால் பி.சி.ஆர். பெருக்கம் தொடங்கும் முன்னரே நடக்கும் புரோப் (கிருமியின் மரபணுத் துண்டைத் தேடிப் பிடிக்கும் பொருள்) சோதனை தோற்றது: மாதிரி அளவு தவறு, கார்ட்ரிட்ஜ் சூட்டில் இருந்தது, வினைக்குழாயில் விரல்பட்டது என்ற வரிசையில் சந்தேகியுங்கள். ஒரே மாட்யூலில் (எந்திரத்தில் கார்ட்ரிட்ஜ் நுழையும் பகுதி) மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் பழுது மாட்யூலில். எல்லா மாட்யூல்களிலும் வந்தால் உங்கள் கையிலோ, கார்ட்ரிட்ஜ் வைத்த அறையிலோ இருக்கிறது. கார்ட்ரிட்ஜை 2 முதல் 28 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பங்குனி சித்திரையில் ஏ.சி. இல்லாத ஸ்டோர் அறை இதைத் தாங்காது. மாதக் கணக்கில் பிழை 3 சதவீதத்துக்கு மேலும், செல்லாதவை 1 சதவீதத்துக்கு மேலும் போனால் காரணம் தேடியே ஆக வேண்டும்.

பல்லடம், அவிநாசி, சோமனூர் பக்கம் ஆய்வகம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: எந்திரத்தின் பின்புற விசிறி வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவச் சொல்லியிருக்கும். பஞ்சுத் தூசி பறக்கும் ஊரில் அது போதாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். வடிகட்டி அடைத்தால் மாட்யூல் சூடாகி வெப்பப் பிழைகள் வரும்.

முடிவை வாசித்தல்

'எம்.டி.பி. இல்லை' என்பது நோய் இல்லை என்ற சான்றிதழ் ஆகாது. எக்ஸ்ரே சந்தேகப்படும்படி இருந்தால் நல்ல சளி வாங்கி மறுபடி ஓட்டுங்கள்.

'ரிஃபாம்பிசின் தீர்மானிக்க முடியவில்லை' என்பது கிருமி எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும்போது வரும். அதை 'எதிர்ப்பு இல்லை' என்று எண்ணி மருந்து தொடங்கிவிடக் கூடாது. விடிகாலைச் சளியில் மறுபடி ஓட்ட வேண்டும்.

அல்ட்ராவில் 'ட்ரேஸ்' என்று ஒரு முடிவு உண்டு. கிருமியின் ஐ.எஸ்.6110, ஐ.எஸ்.1081 என்ற பல பிரதிகளாக இருக்கும் துண்டுகள் மட்டும் தெரிந்து, ரிஃபாம்பிசின் பகுதி தெரியாத நிலை அது. குழந்தைகளிடமும், எச்.ஐ.வி. உள்ளவர்களிடமும், நுரையீரலுக்கு வெளியேயான மாதிரியிலும் அதை நோய் என்றே எடுத்துக்கொள்வார்கள். அண்மையில் டி.பி. சிகிச்சை முடித்த பெரியவரிடம் அது செத்த கிருமியின் மிச்சமாகவும் இருக்கலாம். செத்ததையும் உயிருள்ளதையும் இந்தப் பரிசோதனை பிரித்தறியாது. அதே காரணத்தால் சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க இதைப் போடக் கூடாது, அதற்குச் சளி ஸ்மியரும் (நுண்ணோக்கிச் சோதனை) கல்ச்சரும்தான்.

'எதிர்ப்பு உண்டு' என்று வந்தால் உடனே படிவத்தை எடுத்து அந்த முதல் கட்டத்தைப் பாருங்கள். இதற்கு முன் மாத்திரை சாப்பிடாத, எதிர்ப்புள்ள நோயாளியோடு பழகாத ஒருவர், கிருமியும் 'மிகக் குறைவு' என்றால், புதிய மாதிரியில் இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். பழைய வகை கார்ட்ரிட்ஜில் ஏ முதல் இ வரை ஐந்து புரோப்கள் இருக்கின்றன. எது விழுந்தது (சமிக்ஞை தரவில்லை) என்பதையும் குறித்து வையுங்கள். இரண்டு முறையும் ஒரே புரோப் விழுந்தால் சந்தேகம் குறையும். முதலில் பி, அடுத்தது இ என்றால் மாதிரி மாறிப்போனதா என்று பதிவேட்டைத் துழாவ வேண்டும்.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. இந்தப் பரிசோதனைகள் ஆர்.பி.ஓ.பி. மரபணுவின் 81 கார இணைகள் கொண்ட சிறு பகுதியை மட்டும் பார்க்கின்றன. அதற்கு வெளியே உள்ள மாற்றம் தெரியாது. ஆப்பிரிக்காவின் எஸ்வாட்டினி நாட்டில் 491-ஆம் இடத்து மாற்றம் இப்படித் தப்பிப் பரவியது. சரியாக மாத்திரை சாப்பிட்டும் இரண்டு மூன்று மாதத்தில் சளியில் கிருமி போகவில்லை என்றால், 'எதிர்ப்பு இல்லை' என்ற பழைய தாளை நம்பி உட்கார வேண்டாம், கல்ச்சருக்கு அனுப்புங்கள்.

ரிஃபாம்பிசின் தாண்டி

'ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை' என்று வந்தவரின் ஃபைல் அத்தோடு மூடப்படுவதுதான் பெரிய குறை. மேலே சொன்ன கணக்கெடுப்பிலேயே ஐசோனியாசிட் எதிர்ப்பு புதியவர்களில் சுமார் 11 சதவீதமும், முன்பு சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 25 சதவீதமும் இருந்தது. வழக்கமான கார்ட்ரிட்ஜும் சிப்பும் இதைக் காட்டுவதில்லை. மரபணு மாற்றங்களைப் பட்டையில் கோடுகளாகக் காட்டும் எல்.பி.ஏ. பரிசோதனை காட்டும், பிற மருந்துகளின் எதிர்ப்பைப் பார்க்கும் எக்ஸ்.டி.ஆர். கார்ட்ரிட்ஜும் காட்டும். எல்.பி.ஏ.வுக்குச் சளியில் நேரடியாகப் பார்க்க ஸ்மியர் பாசிட்டிவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கல்ச்சர் வளர்ந்தபின்தான்.

எல்.பி.ஏ. பட்டை உங்கள் கைக்கு வந்தால் மேலிருந்து வாசியுங்கள். முதல் இரண்டு கோடுகள் வினை சரியாக நடந்ததற்குச் சாட்சி. டியூப் என்ற கோடு இல்லையென்றால் காசநோய்க் கிருமி இல்லை, அல்லது போதிய அளவு இல்லை. இயல்புக் கோடு (மாறாத மரபணுவுக்கானது) மறைந்து மாற்றக் கோடு (மாறிய மரபணுவுக்கானது) தெரிந்தால் எதிர்ப்பு. இயல்புக் கோடு மறைந்து மாற்றக் கோடும் தெரியாவிட்டாலும் எதிர்ப்பு என்றே கொள்ள வேண்டும். இரண்டும் தெரிந்தால் கலப்புக் கிருமி. கிருமி இல்லாத கட்டுப்பாட்டுப் பட்டையில் டியூப் கோடு தெரிந்தால் அந்தத் தொகுதி முழுவதும் குப்பைக்கு.

ஐசோனியாசிட் எதிர்ப்பிலும் எந்த மரபணு என்பது மருத்துவருக்கு உதவும். கேட்ஜி மாற்றம் என்றால் எதிர்ப்பு வலுவானது. ஐ.என்.எச்.ஏ. மட்டும் என்றால் பெரும்பாலும் இலேசானது, ஆனால் எத்தியோனமைடு என்ற மருந்தும் கைவிட்டுப்போகும். ஐசோனியாசிட்டுக்கு மட்டும் எதிர்ப்பு என்றால் லீவோஃப்ளாக்சசின், ரிஃபாம்பிசின், எத்தாம்பியூட்டால், பைராசினமைடு ஆறு மாதம் என்பது வழக்கமான முறை. அதற்கு முன் லீவோஃப்ளாக்சசினுக்கு எதிர்ப்பு இல்லை என்று இரண்டாம் வரிசை எல்.பி.ஏ. சொல்ல வேண்டும்.

ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உறுதியானவருக்கு இப்போது பெடாகுவிலின், பிரிடோமானிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் சேர்ந்த ஆறு மாதச் சிகிச்சை இந்தியாவில் கிடைக்கிறது. இதில் மாக்ஸிஃப்ளாக்சசினைத் தவிர மற்ற மூன்றுக்கும் எல்.பி.ஏ. எதுவும் சொல்லாது. வழக்கமாகத் திரவக் கல்ச்சரில்தான் பார்க்க முடியும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதனால் முதல் மாத்திரை உள்ளே போகும் முன் அந்த இரண்டாவது குழாய் கிளம்பியிருக்க வேண்டும். மருந்து தொடங்கியபின் எடுத்த சளியில் கிருமி வளராமல் போகலாம், கேள்விக்கு விடையே கிடைக்காது.

எதிர்ப்பு முடிவு வந்த அன்றே நிக்சயில் ஏற்றுங்கள், ஏற்றியதோடு நிற்காமல் எஸ்.டி.எஸ்.ஸுக்குத் தொலைபேசியிலும் சொல்லிவிடுங்கள். நோயாளி வேறு மாவட்டத்துக்காரர் என்றால், குறிப்பாகத் திருப்பூரில் வேலை, ஊர் வேறு என்றால், இரண்டு முகவரியையும் இரண்டு கைபேசி எண்ணையும் வாங்குங்கள். ஒன்று கண்டிப்பாக உடன் தங்கியிருப்பவருடையதாக இருக்கட்டும். நோயாளிக்கே சந்தேகம் வந்தால் கேட்க இலவச எண் 1800-11-6666. சிகிச்சைக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி உண்டு, வங்கிக் கணக்கு எண்ணை அன்றே பதிந்தால் தாமதமாகாது.